அரிதானதும் அரிதாக்கப்பட்டதும்

1986ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கடைகளில் 40 சென்ட் கொடுத்தால் ஃப்ளீர் நிறுவனத்தின் மெழுகுத்தாள் பாக்கெட் ஒன்று கிடைத்தது. உள்ளே 12 கூடைப்பந்து அட்டைகள், ஓர் ஒட்டுப்படம், ஒரு துண்டு பபிள்கம். அந்த ஆண்டுத் தொகுப்பில் மொத்தம் 132 அட்டைகள். வீரர்களின் குடும்பப்பெயரை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி எண் கொடுத்திருந்தார்கள். கரீம் அப்துல்-ஜபாருக்கு 1, மேஜிக் ஜான்சனுக்கு 53, மைக்கேல் ஜோர்டனுக்கு 57. ஜோர்டனுக்கென்று தனியிடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. பெயர் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் நின்றார். அந்தப் பாக்கெட்டுகள் பல கடைகளில் விற்காமல் தேங்கின.

2021 ஜனவரி இறுதியில் அதே 57ஆம் எண் அட்டையின் இரண்டு பிரதிகள் ஒரே ஏலத்தில் தலா 7,38,000 டாலருக்கு விலைபோயின. இரண்டுமே தரமதிப்பீட்டில் பத்துக்குப் பத்து பெற்றவை. மறு ஆண்டே அதே தரத்திலுள்ள பிரதியின் விலை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காக இறங்கியது. இத்தனைக்கும் அந்த அட்டை அரிய பொருளே இல்லை. ஒரேயொரு தரமதிப்பீட்டு நிறுவனத்தின் கையில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட பிரதிகள் வந்துபோயிருக்கின்றன. அவற்றில் பத்துக்குப் பத்து வாங்கியவையே 300க்கு மேல்.

கூடைப்பந்து அட்டை பற்றிச் செய்தித்தாளில் நாம் படிப்பதெல்லாம் இத்தகைய விலைக் கதைகள்தான். பத்து வயதில் முதல் பாக்கெட்டைப் பிரித்து, அறுபது வயதிலும் தொகுப்பில் விடுபட்ட எண்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரை இந்த விலைகள் விளக்குவதில்லை. அப்படிப்பட்டவர்கள் அமெரிக்காவில் ஏராளம். பெரும்பாலானோரிடம் ஏலத்துக்குப் போகும் அட்டை ஒன்றுகூட இருக்காது. அவர்களை ஆயுள் முழுக்கப் பிடித்துவைத்திருப்பது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அட்டைகளின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், இரண்டு வகை அருமை அதில் ஓடுவது தெரிகிறது. ஒன்று, காலத்தின் கவனக்குறைவால் தானாக நேர்ந்த அருமை. மற்றொன்று, அச்சகத்தில் திட்டமிட்டு உண்டாக்கிய அருமை. ஆயுட்காலச் சேகரிப்பு முதலாவதில் வேர்விட்டு வளர்ந்தது. இரண்டாவது அதன் வேரையே அரிக்கிறது என்பது என் முடிவு.

முதலில் பொருளைப் பார்ப்போம். இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்ட கெட்டித் தாள். முன்பக்கம் வீரரின் படம். பின்பக்கம் அவருடைய உயரம், எடை, படித்த கல்லூரி, ஒவ்வோர் ஆண்டும் ஆடிய ஆட்டங்கள், எடுத்த புள்ளிகள். ஒரு வீரருக்கு முக்கியத் தொகுப்பொன்றில் முதன்முதலாக வெளிவரும் அட்டையை ‘ரூக்கி கார்டு’ என்பார்கள். சேகரிப்போர் அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறார்கள். வரப்போவது இன்னதென்று யாருக்கும் தெரியாத காலத்தில் அச்சானது என்பதே அதன் மதிப்பு.

அட்டையின் தொடக்கம் விளையாட்டில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு விறைப்பான தாளைச் செருகினார்கள். வெறும் தாளாகப் போவானேன் என்று அதில் நடிகைகள், குத்துச்சண்டை வீரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஆகியோரின் படங்களை அச்சிட்டார்கள். பிறகு அந்த வழக்கம் மிட்டாய்க்கும் பபிள்கம்முக்கும் மாறியது. பேஸ்பால் செழித்தது, கூடைப்பந்து ஓரத்தில் நின்றது. 1933இல் கௌடி நிறுவனம் பல விளையாட்டுகளையும் சேர்த்து வெளியிட்ட ‘ஸ்போர்ட் கிங்ஸ்’ தொகுப்பின் 48 அட்டைகளில் கூடைப்பந்து வீரர்கள் நான்கே பேர்.

கூடைப்பந்துக்கென்றே வந்த முதல் முக்கியத் தொகுப்பு 1948இல் பிலடெல்பியாவின் போமன் பபிள்கம் நிறுவனம் வெளியிட்ட 72 அட்டைகள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்குக்கு என்.பி.ஏ. என்ற பெயர்கூட அப்போது பிறக்கவில்லை. அதன் முன்னோடியான பி.ஏ.ஏ. சங்கத்தின் வீரர்கள்தான் அதில் இருந்தார்கள். ஆட்டம் பழகாத வாசகருக்காகப் பந்தை எப்படிக் கடத்துவது, யார் எங்கே ஓடுவது என்று கோட்டுப்படம் போட்டு விளக்கிய அட்டைகளும் உண்டு. 69ஆம் எண்ணில் ஜார்ஜ் மைக்கன். கண்ணாடி அணிந்த, ஆறடி பத்தங்குல உயர மனிதர். அந்த விளையாட்டின் முதல் பெரும் நட்சத்திரம் அவர்தான்.

அதன்பின் நீண்ட மௌனம். அடுத்த பெரிய தொகுப்பு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது. 1950இல்தான் என்.பி.ஏ.வின் நிறத்தடை உடைந்தது. அந்த ஆண்டு பாஸ்டன் அணி சக் கூப்பரைத் தேர்வு செய்தது, என்.பி.ஏ. அணியொன்று தேர்வு செய்த முதல் கறுப்பின வீரர் அவர். அக்டோபர் 31 அன்று ஏர்ல் லாய்ட் களமிறங்கி, லீக் ஆட்டத்தில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். நாட் கிளிஃப்டன் நியூயார்க் அணியில் சேர்ந்தார். அமெரிக்க விளையாட்டு வரலாற்றின் முக்கியமான திருப்பங்களுள் ஒன்று இது. அந்த ஆண்டில் அதைப் பதிந்துவைக்க ஒரு பபிள்கம் தொகுப்புகூட இல்லை. 1957இல் டாப்ஸ் நிறுவனம் 80 அட்டைகள் வெளியிட்டபோது கிளிஃப்டன் டெட்ராய்ட் அணியிலும் லாய்ட் சிரக்யூஸ் அணியிலும் இருந்தார்கள். இருவருக்கும் அட்டை வந்தது. தொகுப்பின் முதல் எண்ணே கிளிஃப்டனுடையது. கூப்பர் 1956இலேயே லீக்கிலிருந்து விலகிவிட்டார். ஓராண்டு வித்தியாசத்தில் அவர் விடுபட்டுப்போனார்.

இதைத்தான் தானாக நேர்ந்த அருமை என்கிறேன். கூப்பரின் அட்டை எந்த விலைக்கும் கிடைக்காது. அவர் ஆடிய காலத்தில் அப்படியொன்று அச்சாகவே இல்லை. தொகுப்புகளை வரிசையாக அடுக்கிவைத்திருக்கும் சேகரிப்பாளருக்கு 1948க்கும் 1957க்கும் நடுவிலுள்ள அந்த வெற்றிடம் கண்ணில் உறுத்தும். இல்லாத அட்டையைப் பற்றி ஒருவரைக் கேள்வி கேட்க வைப்பது உள்ள அட்டைகளின் வரிசைதான். அங்கேதான் பொழுதுபோக்கு வரலாற்று வாசிப்பாக மாறுகிறது.

அதே 1957 தொகுப்பின் 77ஆம் எண் பில் ரஸ்ஸல். 13 பருவங்கள் ஆடி 11 முறை சாம்பியன் ஆனவர். அவர் ஆடிய காலத்தில் வெளிவந்த பெரிய தொகுப்புகளில் அவருக்கு இடம் கிடைத்தது இரண்டில் மட்டுமே. டாப்ஸ் ஓராண்டோடு நிறுத்திக்கொண்டது. 1961இல் ஃப்ளீர் 66 அட்டைகள் போட்டது. 44 அட்டைகளில் வீரர்களின் உருவப்படம். மீதி 22இல் ஆட்டக்காட்சிகள். வில்ட் சேம்பர்லின், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெரி வெஸ்ட் மூவருக்கும் அதுவே ரூக்கி கார்டு. அந்தப் பருவத்தில்தான் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகளும் எடுத்தார். அப்படியொரு பருவத்துக்குப் பின்னும் ஃப்ளீர் கூடைப்பந்து அட்டைகளை நிறுத்திவிட்டது. பிள்ளைகள் வாங்கவில்லை. மறுபடி ஒரு முழுத் தொகுப்பு கடைக்கு வர 1969 ஆயிற்று.

1969இல் திரும்பிவந்த டாப்ஸ், ஆட்டக்காரர்களின் உயரத்துக்கேற்ப அட்டையையும் நீட்டியது. ஏறக்குறைய நாலே முக்கால் அங்குலம். சேகரிப்போர் அவற்றை இன்றும் ‘டால் பாய்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். அதன் 25ஆம் எண் அட்டையில் லூ அல்சிண்டர் என்ற இளைஞரின் படம் இருக்கிறது. 1972-73 தொகுப்பில் அதே முகத்தின் கீழ் கரீம் அப்துல்-ஜபார் என்ற பெயர். ஒரு மனிதர் சமயம் மாறிப் பெயர் மாற்றிக்கொண்டதை எவரும் எழுதி விளக்கவில்லை. இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

1980-81இல் டாப்ஸ் ஒரு புதுமை செய்தது. ஓர் அட்டையில் மூன்று வீரர்கள், நடுவே துளைக்கோடு. கிழித்தால் மூன்று குட்டி அட்டைகள். ஓர் அட்டையில் லாரி பேர்டும் மேஜிக் ஜான்சனும் இரு ஓரங்களில், நடுவில் ஜூலியஸ் எர்விங். அடுத்த பத்தாண்டு கூடைப்பந்தை ஆளப்போகும் இருவரும் தத்தம் ரூக்கி கார்டை ஒரே தாளில் பகிர்ந்துகொண்டார்கள். நிறுவனம் சொன்னபடியே கிழித்த பிள்ளைகளின் கையில் துண்டுகள் தங்கின. கிழிக்காமல் விட்டவர்களின் தாள்தான் இன்று பேசப்படுகிறது. அதேபோல ஒவ்வொரு தொகுப்பிலும் ‘செக்லிஸ்ட்’ என்றொரு அட்டை இருக்கும். கிடைத்த எண்ணுக்கு எதிரே பேனாவால் குறியிடக் கட்டம் போட்டிருப்பார்கள். குறியிடாத செக்லிஸ்டுக்குத்தான் சந்தையில் மதிப்பு. ஆனால் நடுங்கும் கையெழுத்தில் குறியிட்ட அட்டையில் ஒரு குழந்தையின் ஒரு பருவம் முழுதும் பதிந்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய ஆவணமாகத் தோன்றுகிறது.

டாப்ஸ் 1982இல் மறுபடி விலகியது. ஸ்டார் என்ற சிறிய நிறுவனம் மட்டும் அணிவாரியாகப் பைகளில் போட்டு விற்றுவந்தது. பெரிய நிறுவனத்தின் பாக்கெட் அட்டை நான்கு ஆண்டுகளாக வராததால்தான் 1986 ஃப்ளீர் தொகுப்பில் இத்தனை பேர் சேர்ந்து முதன்முறையாகத் தோன்றினார்கள். ஜோர்டனோடு சார்லஸ் பார்க்லி, பாட்ரிக் யூயிங், கார்ல் மலோன், ஹக்கீம் ஒலஜுவான், கிளைட் டிரெக்ஸ்லர், ஐசையா தாமஸ். ஆக, 57ஆம் எண் அட்டையின் பெருமைக்குப் பின்னால் இருப்பதும் ஒரு புறக்கணிப்புதான்.

அடுத்து வந்தது வெள்ளம். பேஸ்பால் அட்டைகள் விலையேறுவதைக் கண்டு 1980களின் இறுதியில் நிறுவனங்கள் கணக்கின்றி அச்சடித்தன. புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பெக்கெட் 1984இல் தொடங்கிய விலைப்பட்டியல் இதழ் பேஸ்பாலுக்கானது; 1990இல் கூடைப்பந்துக்கும் தனி இதழ் வந்தது. மாதாமாதம் விலை ஏறினால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, இறங்கினால் கீழ்நோக்கி. பிள்ளைகள் அட்டையின் பின்பக்கத்தை விட்டுவிட்டு அம்புக்குறியைப் படிக்கத் தொடங்கினார்கள். ஹூப்ஸ், ஸ்கைபாக்ஸ், அப்பர் டெக் என்று நிறுவனங்கள் பெருகின. பிற்காலத்தில் ஓய்வுக்கால வருமானம் ஆகும் என்று பெட்டி பெட்டியாகப் பூட்டிவைத்தவர்கள் ஏமாந்தார்கள். எல்லோரும் பூட்டிவைத்த பொருள் அரிதாவது எப்படி?

இந்த மலிவுக் காலத்து அட்டைகளைச் சந்தை குப்பை என்று ஒதுக்குகிறது. நான் ஒதுக்கமாட்டேன். 1990-91 ஹூப்ஸ் தொகுப்பின் 223ஆம் எண்ணில் ஆர்லாண்டோ அணியின் சாம் வின்சென்ட் பந்தோடு நிற்கிறார். அவரை மறிக்கும் ஜோர்டனின் சட்டையில் வழக்கமான எண் 23 இல்லை, 12 இருக்கிறது. 1990 பிப்ரவரி 14 அன்று ஆர்லாண்டோவில் ஆட்டத்துக்கு முன் ஜோர்டனின் சட்டை திருடு போனது. பெயர் பொறிக்காத உதிரிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் ஆடினார். அந்த ஒரு மாலையின் சாட்சி இந்த மலிவு அட்டை. அதே எண்ணில் வேறு படத்தோடு பிறகு இன்னொரு அட்டையும் வந்தது.

அதே தொகுப்பின் 205ஆம் எண் அட்டை இன்னும் வியப்பானது. நியூயார்க் வீரர் மார்க் ஜாக்சன் பந்தைக் கடத்துகிறார். பின்னால் களத்தை ஒட்டிய இருக்கையில் இரண்டு இளைஞர்கள். 1989 ஆகஸ்டில் பெவர்லி ஹில்ஸில் பெற்றோரைச் சுட்டுக் கொன்றதற்காகப் பின்னர் தண்டனை பெற்ற மெனண்டெஸ் சகோதரர்கள் அவர்கள். கொலைக்கும் கைதுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அந்த ஆட்டத்தைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். லட்சக்கணக்கானோர் கையில் இருந்த அந்த அட்டையின் பின்னணியை ஒருவர் கூர்ந்து பார்த்து அடையாளம் கண்டது 2018இல்தான். சில காசுக்குக் கிடந்த அட்டை அதன்பின் விலையேறியது என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. 28 ஆண்டுகள் கழித்தும் ஓர் அட்டையை எடுத்து நிதானமாகப் பார்க்க ஆள் இருந்தார். எனக்கு முக்கியம் அதுதான்.

வெள்ளத்தால் விலை சரிந்ததும் நிறுவனங்கள் எதிர்த்திசையில் திரும்பின. எல்லா அட்டையும் எல்லோரிடமும் இருந்தால் விற்பனை இல்லை. எனவே சில அட்டைகளைக் குறைவாக அச்சடித்துப் பாக்கெட்டுகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளித்தார்கள். ஒளியைச் சிதறடித்து மினுங்கும் ரிஃப்ராக்டர் அட்டைகள், பிறகு வரிசை எண் பொறித்தவை. 1997-98 மெட்டல் யூனிவர்ஸ் தொகுப்பில் ‘பிரஷஸ் மெட்டல் ஜெம்ஸ்’ என்ற வகையில் வீரர் ஒருவருக்கு 100 பிரதிகள். முதல் பத்து பச்சை, மிச்சம் சிவப்பு. படம் ஒன்றே, வீரர் ஒருவரே. வண்ணம் மாறியதும் விலை பன்மடங்காகிறது. 1990களின் பிற்பகுதியில் வீரர் களத்தில் அணிந்த சட்டையையே வெட்டி அட்டையில் பதிக்கத் தொடங்கினார்கள்.

அரிய அட்டைகளைப் பாக்கெட்டுகளுக்குள் ஒளித்து விற்பது சூதாட்டம் என்று அமெரிக்காவில் பலர் வழக்குத் தொடுத்தார்கள். 2002இல் ஒன்பதாம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. பாக்கெட் வாங்கியவர் எதற்குப் பணம் கொடுத்தாரோ அது அவருக்குக் கிடைத்துவிட்டது. எதிர்பார்த்த அரிய அட்டை வராத ஏமாற்றத்தைச் சொத்து இழப்பாகக் கருத முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். 12 வயதுப் பிள்ளை பாக்கெட்டைப் பிரித்து, மினுங்குவது ஏதுமில்லை என்று கண்டதும் மற்ற அட்டைகளைக் கீழே போட்டுவிட்டுப் போகும் காட்சிக்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை.

2003இல் லெப்ரான் ஜேம்ஸ் வந்தார். அப்பர் டெக் ‘எக்ஸ்குவிசிட்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது: ஐந்தே அட்டைகள் கொண்ட பெட்டி, விலை 500 டாலர். அந்த விலையோடு குழந்தைகள் அந்தக் கடையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதில் வந்த, லெப்ரானின் கையெழுத்தும் சட்டைத்துண்டும் சேர்ந்த 99 பிரதிகளில் ஒன்று 2021 ஏப்ரலில் 52 லட்சம் டாலருக்குப் போனது. 2007-08 எக்ஸ்குவிசிட் அட்டை ஒன்றில் ஜோர்டன், கோபி பிரையண்ட் இருவரின் கையெழுத்தும், இருவர் சட்டையிலிருந்தும் வெட்டிய என்.பி.ஏ. சின்னமும் இருக்கின்றன. உலகில் ஒன்றே ஒன்று. 2025 ஆகஸ்டில் அது 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு ஏலம்போய், விளையாட்டு அட்டைகளுக்குள் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது.

அந்தச் சின்னத்தில் பந்தைத் தட்டியபடி ஓடும் நிழலுருவம் ஜெரி வெஸ்டினுடையது. அவருடைய புகைப்படம் ஒன்றைப் பார்த்துத்தான் 1969இல் வரைந்ததாக வடிவமைப்பாளர் ஆலன் சீகல் சொல்லியிருக்கிறார்; லீக் அதை முறைப்படி ஒப்புக்கொண்டதில்லை. 1961இல் பிள்ளைகள் வாங்காமல் விட்ட ஃப்ளீர் தொகுப்பின் 43ஆம் எண் அதே வெஸ்ட். அன்று பபிள்கம்மோடு வந்தும் சீந்துவாரில்லாத உருவம் இன்று ஒரு துணித்துண்டில் கோடிகளுக்கு விலைபோகிறது. இந்த இரண்டு அட்டைகளுக்கும் இடையில்தான் இந்தப் பொழுதுபோக்கின் முழு வரலாறும் கிடக்கிறது.

கைக்கு வந்த பொருளை மனிதர்கள் ஏன் விட மறுக்கிறார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜான் லிஸ்ட் விளையாட்டு அட்டைச் சந்தை ஒன்றிலேயே சோதித்தார். 2003இல் வெளியான அந்த ஆய்வுக்காக, வந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரே மதிப்புள்ள இரண்டு பேஸ்பால் நினைவுப் பொருள்களில் ஒன்றைக் கொடுத்தார். ஒன்று சாதனை நாளின் நுழைவுச்சீட்டு, மற்றொன்று நினைவுச் சான்றிதழ். சற்று நேரம் கழித்து, வேண்டுமானால் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். எந்தப் பொருள் யாருக்கு என்பது குருட்டாம்போக்கில் முடிவானதால் ஏறத்தாழப் பாதிப் பேர் மாற்றிக்கொள்ள வேண்டும். வியாபாரிகளில் 100க்குச் சுமார் 45 பேர் மாற்றினார்கள். சாதாரணச் சேகரிப்பாளர்களில் சுமார் 23 பேர்தான். கையில் இருக்கிறது என்பதாலேயே பொருள் மதிப்புக் கூடிவிடுகிறது. சந்தை அனுபவம் அந்தப் பற்றைக் கரைக்கிறது என்று லிஸ்ட் முடிவுகண்டார்.

பொருளாதாரம் இதைக் கணக்குப் பிழை என்கிறது. நான் அதோடு உடன்படவில்லை. மாற்ற மறுத்த அந்த 77 பேர் இல்லையென்றால் எந்தத் தொகுப்பும் நாற்பது ஆண்டுகள் ஓரிடத்தில் இருக்காது. ஆனால் லிஸ்டின் ஆய்வு எனக்கு முழுக்கத் துணைநிற்கவும் இல்லை. சாதாரணச் சேகரிப்பாளர்களுக்குள்ளும் அடிக்கடிப் பண்டமாற்றுச் செய்பவர்கள் எளிதாக விட்டுக்கொடுத்தார்கள் என்று அது காட்டுகிறது. நீடித்த அனுபவம் பற்றை வளர்க்கும் என்று நினைத்தால், தளர்த்துகிறது. இதைப் பல நாள் யோசித்தேன். ஆயுட்காலச் சேகரிப்பாளர் பிடித்துவைத்திருப்பது தனி அட்டையை இல்லை, வரிசையை. தன்னிடம் இரண்டு இருக்கும் 82ஐக் கொடுத்து, இல்லாத 26ஐ வாங்குவார். நுகர்வை ஆராய்ந்த ரஸ்ஸல் பெல்க், அன்றாடப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவைத்த, ஒன்றுக்கொன்று வேறான பொருள்கள் ஒரு தொகுதியாக அமைவதையே சேகரிப்பின் இலக்கணமாகக் கொண்டார். தொகுதி என்ற எண்ணம்தான் ஆயுளைத் தாங்குகிறது. உலகில் ஒன்றே ஒன்றான அட்டைக்குத் தொகுதி கிடையாது. அதை வாங்கியவருக்கு அடுத்துத் தேட எதுவும் இல்லை, விற்கலாம், அவ்வளவுதான்.

தரமதிப்பீடும் இதோடு சேர்ந்து வளர்ந்தது. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் படம் நடுவில் அமைந்திருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, விளிம்பும் பரப்பும் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடுகின்றன. போலிகள் மலிந்த சந்தையில் இதற்குத் தேவை உண்டு. 57ஆம் எண் அட்டைக்கு எத்தனையோ கள்ளப் பிரதிகள் உலவுகின்றன. ஆனால் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்குப் பல மடங்கு விலை என்றானபோது, அட்டையில் உள்ளவர் யார் என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது ஜோர்டன் பற்றிய ‘தி லாஸ்ட் டான்ஸ்’ ஆவணத்தொடர் வந்ததும் விலைகள் எகிறின. 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ., குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் புதிதாக வாங்குவதைப் பெருமளவு நிறுத்திவைத்தது. அந்த மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் டார்கெட் கடையின் வாகன நிறுத்தத்தில் அட்டைக்காகக் கைகலப்பு நடந்து துப்பாக்கி வரை போக, அந்தக் கடைத்தொடர் தன் கடைகளில் அட்டை விற்பதையே சில காலம் நிறுத்தியது.

இவற்றையெல்லாம் படித்துச் சோர்ந்தபோதெல்லாம் நான் திரும்பிப் போவது ஜெஃபர்சன் பர்டிக்கிடம். 1900இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மூட்டுவாதம் விரல்களை முடக்கிய உடம்பு. வசதியில்லை, மனைவி மக்கள் இல்லை. சிகரெட், மிட்டாய், பபிள்கம் என எதனோடு வந்த அட்டையாயினும் சேர்த்தார். யாரும் ஒழுங்குபடுத்தியிராத அந்தக் காகிதக் காட்டுக்கு 1930களின் இறுதியில் ஒரு பட்டியல் போடத் தொடங்கினார். அதுவே ‘அமெரிக்கன் கார்டு கேட்டலாக்’ ஆனது. எந்தக் காலம், எந்தப் பொருளோடு வந்தது என்பதற்கு ஓர் எழுத்து, பிறகு ஓர் எண். டி206 என்று இன்றும் உலகெங்கும் வழங்கும் புகழ்பெற்ற பேஸ்பால் தொகுப்பின் பெயர் அவர் இட்ட குறியீடுதான்.

1947 முதல் தன் சேகரம் முழுவதையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். அவற்றில் சுமார் 30,000 பேஸ்பால் அட்டைகள். கொடுத்ததோடு விடவில்லை. அச்சோவியப் பிரிவின் பொறுப்பாளர் ஹயாட் மேயர் கொடுத்த மேசையில் அமர்ந்து, வளைந்த விரல்களால் ஒவ்வொன்றையும் ஆல்பத்தில் ஒட்டினார். ஆண்டுகள் ஓடின. 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்தார். அதில் ஓர் அட்டையைக்கூட அவர் விற்று லாபம் பார்க்க நினைக்கவில்லை. அந்த ஆல்பங்களில் உள்ள சில அட்டைகளை இன்று சந்தைக்குக் கொண்டுவந்தால் என்ன விலை போகும் என்று கணக்குப் போடுவோர் உண்டு. ஒட்டியதால் தரமதிப்பீட்டில் தேறாது என்பாரும் உண்டு. அவற்றைத் தேடிவரும் ஆய்வாளருக்கு இரண்டும் பொருட்டில்லை. வரிசையும் குறியீடும்தான் அவருக்கு வேண்டியவை.

கூடைப்பந்து அட்டைகளுக்கு இன்னும் ஒரு பர்டிக் தேவைப்படுகிறார். 2009 முதல் என்.பி.ஏ. அட்டை உரிமை இத்தாலியின் பனினி நிறுவனத்திடம் இருந்தது. 2025-26 பருவத்தில் டாப்ஸுக்குத் திரும்பியிருக்கிறது. நிறுவனம் மாறும்போதெல்லாம் பெயர்களும் வண்ணங்களும் மாறுகின்றன. ஒரே வீரருக்கு ஒரே ஆண்டில் நூற்றுக்கணக்கான வேறுபாடுகள். 1997இல் தொடங்கிய பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் தொடக்கக் கால அட்டைகளைச் சந்தை நெடுநாள் திரும்பிப் பார்க்கவில்லை. 1948க்குப் பின் நேர்ந்த கவனக்குறைவு அங்கே மறுபடி நேர்ந்தது. கெய்ட்லின் கிளார்க்கின் அட்டை ஒன்று 2025இல் 6,60,000 டாலருக்கு விற்ற பிறகுதான் பலர் பழைய பெட்டிகளைத் திறக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் இருப்பதை ஒழுங்காக எழுதிவைத்தவர்கள் சொற்பம்.

ஆகவே அட்டை சேர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டைகளை நல்ல உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைப்பீர்கள். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தொகுப்பு, எந்த எண், யாரிடமிருந்து எப்போது வந்தது, பதிலுக்கு எதைக் கொடுத்தீர்கள், எந்த எண் இன்னும் கிடைக்கவில்லை என்று தேதியிட்டு எழுதுங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறப்பவர் முதலில் அந்த நோட்டைப் படிக்கட்டும்.